பெயர் அழிந்த இருபத்து நான்கு போத்தல்கள்

போன செவ்வாய்க்கிழமை ரவாங்கில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். இனிப்பு நீர் வியாதிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். தாதிப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையை உருவிக்கொண்டேன். "இன்னும் குத்தவே இல்ல லா அங்கிள்" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக என் வீட்டில் ஸ்பிரிட் போத்தல் கிடையாது. பிள்ளைகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால்கூட மஞ்சள் மருந்துதான்.

நீ இறந்து மூன்று மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன். உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு அது வராது. நீயும் அதைப் படித்தால் சிரிப்பாய்.

எண்பதுகளின் பின்பாதி. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கி, செம்பனைத் தோட்டத்தின் கடைசிப் பகுதியையும் தாண்டினால், கால் வைத்த இடமெல்லாம் பஞ்சுபோல் அமுங்கும் கறுப்புச் சதுப்பு. அதன் விளிம்பில் கம்பெனி கட்டிய இரண்டு கட்டடங்கள். அதுதான் நம் ஆய்வுக்கூடம். செம்பனை ஆலையிலிருந்து வரும் எண்ணெய் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வரும். ஆராய்ச்சியை நடத்திய டாக்டர், நீ, நான், கூட்டித் துடைக்கும் பாக்கியம் அக்கா. நாலே பேர். நான் மெட்ராஸில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கி வந்தவன். நீ என்னை வாத்தி என்று கூப்பிட்டது அதனால்தான். அந்தப் பட்டத்தை இங்கே அரசாங்க வேலைக்கு ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபமும் இன்னும் இருக்கிறது. ஆனால் அது வேறு கடிதம். நீ சான்றிதழ் படித்த டெக்னீஷியன். ரப்பர் பால்மரம் வெட்டியவரின் மகன். நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன். அந்த வித்தியாசத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீதான் நாளுக்கு இரண்டு தடவை சொல்வாய்.

"கிராணி மகனுக்குக் கையெழுத்து அழகு. கைவேல எனக்குத்தான்."

உண்மைதான். போத்தல்களில் பெயர் எழுதுவது என் வேலை. வெட்டுவது உன் வேலை.

எதை வெட்டினோம் என்று இன்று யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். சதுப்பில் படர்ந்து கிடந்த குடுவைச் செடியை. மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்கள், குரங்கின் சட்டி. இலையின் நுனியில் மூடிபோட்ட சிறு குடுவை தொங்கும். வாயில் வழுக்கும் விளிம்பு, அடியில் புளிப்பான நீர். எறும்போ ஈயோ உள்ளே விழுந்தால் கரைந்துவிடும். அந்த நீரைச் சுரக்க வைக்கும் மரபணு எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது டாக்டரின் கனவு. கண்டுபிடித்தால் ஒரு நாள் செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு எதிராக அதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லித்தான் கம்பெனியைச் சம்மதிக்க வைத்திருந்தார். அதற்கு முதல் படி, வெளியிலிருந்து ஒரு மரபணுவை இந்தச் செடிக்குள் ஏற்ற முடியுமா என்று பார்ப்பது.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா செடியின் காயத்தில் புகுந்து தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் சொருகிவிடும். அது இயற்கையாக நடப்பது. அந்தத் துண்டில் நமக்கு வேண்டியதை ஏற்றி அனுப்பலாம் என்று அப்போதுதான் வெளிநாடுகளில் செய்து காட்டியிருந்தார்கள். நாம் ஏற்றியது கனமைசின் என்ற மருந்தைத் தாங்கும் மரபணுவை. டாக்டர் இதைப் பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். நீ பாக்கியம் அக்காவுக்கு ஒரே வரியில் சொன்னாய்: "லோரி அவனோடது அக்கா, சாமான் நம்மளோடது."

சாமான் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் சுலபம். செடித் துண்டுகளை அந்த மருந்து கலந்த ஜெல்லியில் வைக்க வேண்டும். மரபணு ஏறாதது வெளுத்துச் செத்துப்போகும். ஏறியது பச்சையாக நிற்கும். எட்டு மாதம் எல்லாமே வெளுத்தன. நூற்றுக்கணக்கான துண்டுகள். நீ மறுபடியும் மறுபடியும் வெட்டினாய். உன் கையில் ஒரு போத்தல்கூடப் பூஞ்சை பிடித்ததில்லை. ஒன்பதாவது மாதம் பதினொரு போத்தல்களில் பச்சை நின்றது. டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நீ வெளியே போய் மழைநீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாய். நீ அழுதாய் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த வருடத்தோடு நம் ஒப்பந்தம் முடிகிறது. கம்பெனியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, ஆராய்ச்சி தொடருமா, நம் இருவரையும் நிரந்தரமாக்குவதா என்று முடிவு சொல்லும். எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். நிரந்தர வேலை என்று கடிதம் வந்தால் தட்டு மாற்றுவதாகப் பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

மருந்தில் இருந்ததால் அந்தப் பதினொன்றும் வேர்விடாமல் குன்றிக் கிடந்தன. வருகிறவர்கள் பார்க்கும்போது செழிப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் அவற்றை மருந்தில்லாத ஜெல்லிக்கு மாற்றச் சொன்னார். ஒப்பிட்டுக் காட்ட, மரபணு ஏற்றாத அதே வயதுச் செடிகள் பதின்மூன்று போத்தல்களில் அதே அலமாரியில் நின்றன. மருந்து இல்லாத இடத்தில் இரண்டும் ஒரே பச்சை. எது எது என்று சொல்வது கண்ணாடியில் நான் மெழுகுப் பென்சிலால் எழுதிய பெயர் மட்டும்தான். ஏறியதற்கு டி, ஏறாததற்கு சி, கூடவே வரிசை எண்.

பிறகு ஆயுத பூசை வந்தது. குழு வருவதற்கு ஆறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை.

தோட்டத்தில் லோரி, டிராக்டர், ஆலை இயந்திரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நாமும் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தோம். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், கிருமி கொல்லும் நீராவிக் கலனுக்கு மாலை. டாக்டர் பினாங்குச் சீனர். கண்டுகொள்ள மாட்டார், சுண்டலை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்பார். ஆனால் செடிகள் இருந்த வளர்ப்பு அறைக்குள் பூசை போகக்கூடாது என்பது உன் சட்டம். "சாமி வெளிய நிக்கட்டும். உள்ள நம்ம பாத்துக்குவோம்" என்பாய்.

அன்று காலை நீ வாழைக்கன்று வெட்டப் போயிருந்தாய். நான் வளர்ப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்தேன். போத்தல்களில் கைரேகையும் ஜெல்லி வழிந்த தடமும் தெரிந்தன. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். ஸ்பிரிட் போத்தலை பாக்கியம் அக்கா கையில் கொடுத்தேன்.

"அக்கா, உள்ள இருக்குற போத்தலையும் தொடச்சிருங்க. ஒரு கறை இருக்கக் கூடாது."

"எல்லாத்தையுமா தம்பி?"

"எல்லாத்தையும்."

அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். சொல்லிவிட்டுப் பூ வாங்கப் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வாசலில் நீ மோட்டார் சைக்கிளிலிருந்து வாழைக்கன்றை இறக்கிக்கொண்டிருந்தாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் உள்ளே போனோம். வளர்ப்பு அறை திறந்திருந்ததைப் பார்த்து நீ நின்றாய். அலமாரியில் இருபத்து நான்கு போத்தல்களும் வைரம்போல் மின்னின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அழகாக இருக்கட்டும் என்று அக்கா செடிகளை உயரவாரியாக வேறு அடுக்கியிருந்தார். சின்னது முன்னால், பெரியது பின்னால். கண்ணாடியில் ஒரு எழுத்து இல்லை.

"அந்தக் கறுப்புக் கிறுக்கலு லேசுல போவல தம்பி. ரெண்டு தடவ அழுத்தித் தொடச்சேன்" என்றார் அக்கா பெருமையாக.

நீ நெடுநேரம் அலமாரியையே பார்த்தாய். "வாத்தி" என்றாய் மெதுவாக. "எல்லாப் புள்ளைக்கும் பொட்டு வச்சாச்சு. பேரு எங்க?"

நீ அக்காவிடம் திரும்பினாய். "யாருக்கா ஒங்கள உள்ள விட்டது?" அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. நான், "மொதல்ல பூசைய முடிப்போம்" என்றேன்.

முடித்தோம். கற்பூரத் தட்டு உன் கையில். டாக்டர் வந்து சுண்டல் தின்றார். எல்லாம் தயாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தயார் என்றேன். நீ தட்டைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, தொட்டிக்குப் பின்னால் நின்று சண்டை போட்டோம்.

"டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிருவோம்" என்றாய்.

"சொன்னா?"

"திட்டுவாரு. திட்டட்டும். ஒவ்வொரு போத்தல்லேர்ந்தும் ஒரு துண்டு வெட்டி மருந்துல போடுவோம். வெளுக்குறது வெளுக்கட்டும், நிக்கிறது நிக்கட்டும். நாலு வாரம் லா."

"வியாழக்கெழமைக்கு நாலு வாரம் இருக்கா?"

"வர்றவங்ககிட்ட கேப்போம்."

"கேட்டா குடுப்பானுங்களா? எப்படா மூடலாம்னு வர்றவனுங்க. எனக்கு எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு. எழுதிருவேன்."

"அக்கா மாத்தி அடுக்கிட்டாங்க."

"இலைய பாத்தா தெரியும்."

"எனக்கே தெரியல. வெட்டுனவன் நானு."

அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். வெளியே தெரிந்தால் பாக்கியம் அக்காவுக்கு வேலை போய்விடும், பாவம், புருஷன் இல்லாதவர், கம்பெனி கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள் என்று. நீ ஒரு அடி முன்னால் வந்தாய்.

"அக்காவ இழுக்காத. அவுங்க நீ சொன்னத செஞ்சாங்க. பயம் ஒனக்கு. ஒன் கல்யாணத்துக்கு."

உன் சட்டையைப் பிடித்தேன். பொத்தான் ஒன்று தெறித்தது. நீ கையை ஓங்கவில்லை. சிரித்தாய். "கிராணி மகனே, அடிக்கக்கூட கத்துக்குடுக்கலையா ஒங்க வீட்டுல?"

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தனியாக வளர்ப்பு அறையில் உட்கார்ந்து எழுதினேன். பொய் எழுதினேன் என்று அப்போது நினைக்கவில்லை. ஒவ்வொரு போத்தலையும் விளக்கில் தூக்கிப் பார்த்தேன். இந்த இலை சுருண்டிருந்ததே, இது அந்த ஏழாவதுதானே, இதன் தண்டில் சிவப்பு ஓடியதே. பார்க்கப் பார்க்க எனக்கே நம்பிக்கை வந்தது. வேண்டிய ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. எட்டாவதை எழுதும்போது நீ வாசலில் வந்து நின்றாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கை ஆடுது வாத்தி."

"நீ வந்து எழுது அப்ப."

"நான் பென்சில தொடமாட்டேன்."

"சரி, வாயயாவது மூடிக்கிட்டு இரு."

நீ பதில் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உன் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வந்தேன், வேறு வழியில்லை. உன் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டேன். சாலையில் பனங்குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால் மட்டும் நீ கையைப் பின்னால் நீட்டி என் முட்டியைத் தட்டுவாய், பிடித்துக்கொள் என்று.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். தலைவர் வயதானவர், நரைத்த புருவம், குரலே எழும்பாது. டாக்டர் விளக்கினார். வெளுத்துச் செத்தவற்றின் படங்களைக் காட்டினார். பிறகு அலமாரிக்கு அழைத்துப்போய், பதினொன்றையும் காட்டினார். கடைக்கண்ணால் உன்னைப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாய். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், நல்ல வேலை என்று என்னைப் பார்த்தே சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அந்தத் தலைவர் கையை நீட்டி மூன்று போத்தல்களை எடுத்தார். டி இரண்டு, டி ஐந்து, டி ஒன்பது. இவற்றை நாங்கள் கொண்டுபோய் எங்கள் ஆட்களை வைத்தும் சோதிக்கிறோம் என்றார். சந்தேகப்பட்டு அல்ல. சந்தோஷமாகத்தான் சொன்னார். உதவியாளர் பெட்டியைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாய் ஆங்கிலத்தில்.

உன் ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. ஆனால் நீ சொன்னது எல்லாருக்கும் புரிந்தது: பூசைக்குச் சுத்தம் செய்தபோது பெயர்கள் அழிந்துவிட்டன. துடைத்தது நான். ஞாபகத்தில் வைத்துத் திருப்பி எழுதியதும் நான். டாக்டருக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. இந்த மூன்றும் எது என்று எனக்கே தெரியாது. நாலு வாரம் கொடுங்கள்.

டாக்டர் ஒரு போத்தலை வாங்கித் திருப்பினார். என் அப்பா கணக்குப் புத்தகத்தில் எழுதப் பழக்கிய கையெழுத்து அது, ஒவ்வொரு எழுத்தின் காலிலும் சின்ன வளைவு இருக்கும். இரண்டு வருடமாக தினமும் பார்த்த கையெழுத்து. அவர் எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் எனக்கு நேரம் கொடுத்தார் என்று இப்போது தெரிகிறது. நான் வாயைத் திறந்தேன். "லைட்ட அணைக்கவா டாக்டர்?" என்றுதான் வந்தது.

அன்று மத்தியானமே உன்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். பாக்கியம் அக்கா மோட்டார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார். நீ உன் டிபன் கேரியரை மோட்டாரில் மாட்டினாய். என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் பூசைக்கு உள்ள விட்டுறாத வாத்தி" என்றாய். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நேரத்திலும் உனக்குக் கேலி வந்ததே, அதற்காகத்தான் உன்னை அதிகமாக வெறுத்தேன். நீ போன பிறகு அக்கா என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார். "நீங்கதானே தம்பி தொடைக்கச் சொன்னீங்க?" நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் மறுபடி கேட்கவேயில்லை.

குழு நாலு வாரம் தரவில்லை. திட்டத்தை மூடச்சொல்லி அடுத்த திங்களே கடிதம் வந்தது. அடுத்த மாதக் கடைசிவரை மூட்டை கட்டுவதற்கு என்னை வைத்திருந்தார்கள். வளர்ப்பு அறையைக் காலி செய்யும்போதுதான் அலமாரியின் அடித்தட்டில், தாளால் மூடிய இருபத்து நான்கு ஜெல்லித் தட்டுகளைப் பார்த்தேன். நீ அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொரு போத்தலின் அடியிலும் ஓர் எண்ணை ஒட்டி, ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி மருந்தில் வைத்திருக்கிறாய். உன் கோணல் எண்கள், அன்றைய தேதி. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். காத்திருந்தோம்.

பதின்மூன்று வெளுத்தன. பதினொன்று பச்சையாக நின்றன. சரியாகப் பதினொன்று. மரபணு ஏறியிருந்தது. நீ வெட்டியது வீண் போகவில்லை. டாக்டர் கம்பெனிக்கு எழுதினார். அறையைச் செம்பனைக் கன்றுகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதினொன்றும் விதிப்படி நீராவிக் கலனில் வெந்து போயின. நான்தான் உள்ளே வைத்தேன்.

அதற்கு முன், யாரும் இல்லாத நேரத்தில் உன் எண்களையும் என் எழுத்தையும் ஒத்துப் பார்த்தேன். நான் டி என்று எழுதிய பதினொன்றில் ஐந்துதான் சரி. தலைவர் எடுத்த மூன்றில் ஒன்றுதான் சரி. அவர் கொண்டுபோயிருந்தால் மற்ற இரண்டும் அங்கே வெளுத்திருக்கும். மோசடி என்று என் பெயரும் டாக்டர் பெயரும் நாறியிருக்கும். நீ அதைத் தடுத்தாய். இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டே இருபது வருடம் உன்னைத் திட்டினேன். நாலு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று என் மனைவியிடம் சொன்னேன், தம்பியிடம் சொன்னேன், பிறகு நான் பாடம் எடுத்த டியூஷன் பிள்ளைகளிடம்கூடச் சொன்னேன். பெண் வீட்டார் விலகிப்போனார்கள். டாக்டர் கொடுத்த நற்சான்று ஒரே வரி: இவர் இங்கே இந்தத் தேதிமுதல் இந்தத் தேதிவரை வேலை செய்தார். எல்லாம் உன்னால்.

ஆனால் என் உண்மையான கோபம் வேறு. என்னைக் கேட்காமல் என் தப்பை நீ எடுத்துக்கொண்டாய். உண்மையைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். கையை என் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். நீ பாதி உண்மையைச் சொல்லி, மீதியை நான் சொல்வேன் என்று விட்டுவைத்தாயா? அப்படியென்றால் என்னை நீ சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. இல்லை, சொல்லமாட்டேன் என்று தெரிந்தேதான் செய்தாயா? அது இன்னும் மோசம்.

ஒருமுறை ரவாங் சந்தையில் என்னைப் பார்த்தாய். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாய், கையில் மீன் பை. "வாத்தி!" என்று நாலு கடை திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய். காதில் விழாதவன்போல் சாலையைக் கடந்தேன். மறுபடி கூப்பிடுவாய் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

நீ போய்ச் சேர்ந்ததைப் பத்திரிகையில் பார்த்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு உலு யாமில் உன் வீட்டுக்கு வந்தேன். கூடாரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை யாரோ சொல்லியிருக்க வேண்டும். உன் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்கதான் அந்த வாத்தி அண்ணனா? அவரு ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்வாரு. என் கவனக்கொறவால ஒரு படிச்ச மனுசன் வாழ்க்க போச்சுன்னு. அவரு சார்புல நான் மன்னிப்பு கேட்டுக்குறேன் அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

வீட்டிலும் நீ சொல்லவில்லை. கட்டிய மனைவியிடம்கூட. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவால்லம்மா, எல்லாம் பழைய கத" என்றேன். மன்னித்தேன், உன்னை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கிளினிக்கிலிருந்து வந்த பிறகு நான்கு நாள் தாங்க முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி உலு யாமுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், கதவைத் திறந்ததிலிருந்து லைட்டை அணைக்கவா என்று கேட்டதுவரை. அவர் கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"புள்ளைங்க முன்னால எத்தன தடவ இந்தக் கதைய சொல்லிக் காட்டிருக்கேன் அண்ணே. ஒங்கப்பா கவனம் இல்லாதவரு, கவர்மெண்டு மாதிரி வேலைய துணியால தொடச்சிட்டு வந்தவருன்னு. கரண்டு பில்லு கட்ட மறந்தாலும் அதத்தான் சொல்வேன். புள்ளைங்க சிரிக்கும். அவரும் சிரிச்சிக்கிட்டே சாப்பிடுவாரு." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. நான் இப்ப யாருகிட்ட போய் சொல்றது?"

நான் இறக்கிவைக்கப் போனதை அவர் தலையில் ஏற்றிவிட்டு நின்றேன்.

அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கெழம புள்ளைங்க ரெண்டு பேரும் வராங்க. பன்னெண்டு மணிக்கு வாங்க. இத அவுங்க முன்னால நீங்க சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

வருகிறேன் என்றேன்.

உன்மேல் உள்ள கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அதை வைத்துக்கொண்டே வருகிறேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: துடைக்கச் சொன்னது நான், உங்கள் அப்பா இல்லை. சின்ன வாக்கியம்தான். உன் மூத்தவன் அச்சு அசலாக உன்னைப் போலவே இருக்கிறான், பதினாறாம் நாளில் பார்த்தேன், அதே கண். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.